டீ குடிக்கப் போனவருக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உங்கள் பழைய கடித உறையின் பின்னால் இருந்த முகவரிக்குத்தான் இதை அனுப்புகிறேன். அங்கேயேதான் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நம் கடைத்தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள். போன வாரம் நகராட்சி ஆட்கள் வந்து சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். நம் கடையில் அந்தக் கோடு உள்ளே வந்து, தையல் மிஷினுக்கு ஒரு சாண் முன்னால் நின்றிருக்கிறது. அம்மா அதை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போகிறாள். மத்தியானத்தில், தைத்துத் தொங்கவிட்ட திரைச்சீலைகள் எல்லாம் காற்றில் புடைத்துக்கொள்ளும்போது, கடையே எங்கோ கிளம்பிப் போகிற படகு மாதிரி இருக்கிறது. சின்ன வயதில் யாராவது என் பேரைக் கேட்டால் அந்தத் திரைகளுக்குள்தான் ஒளிந்துகொள்வேன். டிகிரி வாங்கிய பிறகும் ஒளிகிற ஆசை போகவில்லை.

சிறு வியாபாரிகளுக்கு நகராட்சிக் கூடத்தில் ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. "படிச்சவ நீ போ. அவங்க பேசுறதுல பாதி எனக்குப் புரியாது, புரியுற பாதி பயமா இருக்கும்" என்று அம்மா என்னை அனுப்பிவிட்டாள். வேலை முடியும்வரை, உரிமம் உள்ளவர்களுக்கு மார்க்கெட்டுக்குப் பின்னால் தற்காலிகக் கடை தருவார்களாம். குறைந்த வட்டியில் கடனும் உண்டாம். கடைக் காசையும் வீட்டுக் காசையும் ஒரே டப்பாவில் போடக் கூடாது என்று அதிகாரியம்மா சொன்னதும், சாவி செய்கிறவர் எழுந்து, "எங்க வீட்டுல டப்பாவே ஒண்ணுதாம்மா" என்றார். கூடமே சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நானும் எழுந்து நின்றுவிட்டேன். எப்படி என்று தெரியவில்லை. வேறு யாரோ நிற்பதை நான் உட்கார்ந்து பார்ப்பது போல இருந்தது. "உரிமம் எங்க அப்பா பேர்ல இருக்கு. அவர் டீ குடிக்கப் போயிருக்கார். யார் கையெழுத்துப் போடுறது?" என்று கேட்டேன். "வந்ததும் போடச் சொல்லும்மா" என்றார் அதிகாரியம்மா. "போய் நாலு வருஷம் ஆச்சு மேடம்" என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

உங்களுக்குத் தெரியாது. உரிமத்தைச் சரிபார்க்க ஆய்வாளர் வரும்போதெல்லாம் அம்மா சொல்வது அதைத்தான்: "இப்பத்தான் டீ குடிக்கப் போனாரு சார்." சொல்லிவிட்டுத் தெருமுனையைப் பார்ப்பாள். பாவம், அவரும் திரும்பிப் பார்ப்பார். புதுப்பிக்கிற தாளில் உங்கள் கையெழுத்தை நான்தான் போட்டுவந்தேன். மதிப்பெண் அட்டையில் பழகிய கை. அந்தக் கடைசிச் சுழி உங்களைவிட எனக்கு நன்றாக வரும். தப்புதான்.

கூட்டம் முடிந்ததும் அதிகாரியம்மா தனியே கூப்பிட்டு இரண்டு வழி சொன்னார். உரிமத்தை அம்மா பேருக்கு மாற்றச் சம்மதித்து நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால், நீங்கள் இருக்குமிடம் தெரியவில்லை என்று அம்மா எழுதித் தர வேண்டும். வீட்டுக்கு வந்து சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "உயிரோட இருக்கிற மனுஷனைக் காணோம்னு என் கையால எழுத மாட்டேன்டி" என்றாள். அதற்கப்புறம் வெகுநேரம் நூல் உள்ளே போகவே இல்லை.

சம்மதத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்து. இருபதாம் தேதிக்குள் நகராட்சிக்குப் போய்ச் சேராவிட்டால் நமக்குத் தற்காலிகக் கடை இல்லை. மறுநாள் இடிக்கத் தொடங்கிவிடுவார்கள். இதையும் நானே போட்டுவிடலாம். நேற்று பேனாவைத் திறந்தும்விட்டேன். ஆனால் அம்மாவுக்குக் கடையைக் கொடுப்பது நீங்களாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. மூடிவிட்டேன்.

தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது. நேரில் கொண்டுவந்தாலும் சரி. கோட்டுக்கு அந்தப் பக்கம், அதே மிஷினில்தான் அம்மா உட்கார்ந்திருப்பாள். ஏன், எதற்கு என்று நான் எதுவும் கேட்க மாட்டேன். எனக்குத்தான் பேச வராதே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். டீ ஆறிப்போயிருக்கும் அப்பா. எழுந்திருங்கள்.

என்றும் உங்கள் கையெழுத்தை மறக்காத,
மகள்