மேனேஜரின் முதுகெலும்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் மேனேஜர் நலம். அடுத்து நானும் நலம். நீங்கள் இந்த வரிசையில்தான் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

மூன்று வாரமாக நான் போன் செய்யும்போதெல்லாம் நீங்கள் குளித்துக்கொண்டிருப்பதாக அம்மா சொல்கிறாள். ஒரு மனுஷன் இவ்வளவு குளித்தால் சளி பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கடிதம். ஈரக் கையோடு தொடாதீர்கள்.

நான் படிக்கும் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிச் சீட்டில் நம் நாயின் பெயரைப் பார்த்து எல்லோரும் கேட்டார்கள். அப்பா வண்டியில் சாமான் ஏற்றும்போது ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பான், அதனால் அப்பா வைத்த பெயர் என்றேன். இப்போது நர்ஸ்கள் அவன் கூண்டைத் தாண்டும்போது சல்யூட் அடித்துவிட்டுப் போகிறார்கள்.

அவன் அடிபட்ட அன்றைக்கு உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். அவனைப் பலகையில் கட்டி வண்டியில் ஏற்றும் முன் நான் பின்னங்கால் விரலைக் கிள்ளினேன். கால் வெடுக்கென்று இழுத்தது. உணர்ச்சி இருக்கு, பொழைச்சுக்குவான் என்று அழுதுகொண்டே சொன்னீர்கள். கிள்ளினால் கால் தானாக இழுக்கும் அப்பா. மூளைக்குச் செய்தி போகாவிட்டாலும் இழுக்கும். வலி தெரிந்தால் நாய் திரும்பிப் பார்க்க வேண்டும். அன்று அவன் பார்க்கவில்லை. அந்த நான்கு மணி நேரப் பயணத்தில் நான் பேசாமல் வந்தது உங்கள் மேல் கோபத்தால் இல்லை.

இங்கே வந்ததும் பெரிய டாக்டரம்மா இடுக்கியால் இன்னும் அழுத்திப் பிடித்தார். மேனேஜர் மெதுவாகத் தலையைத் திருப்பி, யார்ரா அது என்பதுபோல அவர் கையைப் பார்த்தான். நரம்பு முழுசா போகல, செய்யலாம் என்றார் அவர்.

கடைசி விலா எலும்பு முடிகிற இடத்தில் முறிவு. முறிவுக்கு முன்னும் பின்னும் உள்ள எலும்புகளில் திருகாணிகளை இறக்கி, தலைப்பகுதியை வெளியே நீட்டியபடி விட்டார்கள். பிறகு எலும்புக்கென்று இருக்கும் சிமெண்டைப் பொடியும் திரவமுமாகக் குழைத்து, மாவு பதத்தில் அந்தத் தலைகளைச் சுற்றி அப்பினார்கள். அது இறுகினால் எல்லாம் சேர்ந்து ஒரே பாலம். ஆனால் இறுகும்போது கொதிக்கும். பக்கத்திலேயே நரம்பு. சூடு பட்டால் செய்ததெல்லாம் வீண். அது ஆறும்வரை குளிர்ந்த உப்புநீரை விட்டுக்கொண்டே இருப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. நடுவழியில் வண்டி சூடானால், அவசரப்படாதே, கொஞ்சம் கொஞ்சமா ஊத்து என்று கத்துவீர்களே, அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கை நடுங்காம ஊத்தினே, எங்க கத்துக்கிட்டே என்று டாக்டரம்மா கேட்டார். வெட்கமாகிவிட்டது.

அதன்பிறகு பன்னிரண்டு நாள் ஒன்றும் இல்லை. சிறுநீர்கூட நான்தான் வயிற்றை அழுத்தி எடுத்தேன். துண்டை வயிற்றடியில் கொடுத்துத் தூக்கி நிறுத்தினால் பின்பக்கம் ஈரத்துணி போலத் தொங்கும். அம்மாவிடம் நல்லாயிருக்கான் என்று சொன்னதெல்லாம் பொய்.

வியாழக்கிழமை காலை ஆக்சிஜன் சிலிண்டர் வண்டி வந்தது. நம் வண்டி மாதிரியே, இருமிவிட்டுத்தான் கிளம்பும். மேனேஜர் காதை நிமிர்த்தினான். கூண்டுத் தரையில் டப் டப் என்று சத்தம். வால்! தொட்டால் வால் தானாக அசைவதுண்டு. அது கணக்கில் வராது. யாரும் தொடவில்லை. நான் ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவர் கையை அதற்குமுன் தொட்டதே இல்லை. வண்டியை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பச் சொன்னோம். சிலிண்டர் இறக்க வந்தவனை நாய்க்குப் பாட்டுப் போடச் சொல்றீங்களே என்று முணுமுணுத்தபடி டிரைவர் மூன்று முறை கிளப்பினார். மூன்று முறையும் ஆட்டினான். அப்புறம் வேறொரு கார் வந்தது. அதற்குக் காதைக்கூட அசைக்கவில்லை.

தலையிலிருந்து வாலுக்குச் செய்தி போகிறது, கால் வர மாதங்கள் ஆகலாம், நடை கோணலாகவும் இருக்கலாம் என்கிறார் டாக்டரம்மா. இருக்கட்டும். மேற்பார்வைக்கு நேர்நடை எதற்கு?

அப்பா, வண்டிக்கு உறை போட்டு மூடிவிட்டீர்களாம். விற்க ஆள் பார்க்கிறீர்களாம். நீங்கள் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் பின்னால் நின்று, வரலாம் வரலாம் என்று தட்டுவது யார்? நான்தானே. அன்று ரயிலுக்கு நேரமாச்சு என்று உங்களை விரட்டிவிட்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பின்னால் நின்றிருந்தால் அவன் அங்கே இருந்ததைப் பார்த்திருப்பேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பஸ்ஸில் வேண்டாம், வண்டியில் வாருங்கள். ஆஸ்பத்திரிச் சந்து குறுகல், திருப்ப முடியாது, ரிவர்ஸில்தான் உள்ளே வர வேண்டும். பயப்படாமல் வாருங்கள் அப்பா, பின்னால் நான் நிற்பேன்.

உங்கள்
சின்னவள்