பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் விறைத்துப் போகாமல் இருக்கிறீர்களா? மருத்துவமனை வேலையில் நின்று நின்று உன் கால் வீங்கியதாகச் சொன்னாயே, வடிந்ததா? போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் போனை எடுத்தால் பிள்ளைகள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் வந்து ஒட்டிக்கொள்கின்றன. மனம் விட்டு ஒரு வார்த்தை பேச முடிவதில்லை.

முதலில் நல்ல செய்தி. உன் மகள் பள்ளி ஹாக்கி அணிக்குக் கேப்டன் ஆகிவிட்டாள். அவளே சொல்லியிருப்பாள். எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் இந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருக்கிறது. கேப்டனின் கைப்பட்டை எப்போதும் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணுக்குத்தான் போகும். விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறையின் சுவரில் இதுவரை இருந்த கேப்டன்கள் பெயரெல்லாம் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கிறது. என் மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்றே என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். கடைசிப் பெயருக்குக் கீழே விரலை வைத்து, "இங்க என் பேரு வரும்மா" என்றாள். அன்று முதல் மழையோ காய்ச்சலோ, பொழுது விடியுமுன் ஷூவை மாட்டிக்கொண்டு ஓடியவள் அவள். இப்போது பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பட்டை பதினோராம் வகுப்புக்குப் போய்விட்டது. ஏன் என்று கேட்டதற்கு, "வகுப்பைப் பாத்துக் குடுக்கிறதில்ல, ஆட்டத்தைப் பாத்துக் குடுக்கிறது" என்று பி.டி. டீச்சர் சொன்னாராம்.

உன் மகள் எங்களிடம் வந்தபோது ஹாக்கி மட்டையின் எந்தப் பக்கத்தால் பந்தை அடிப்பது என்றுகூடத் தெரியாது. நினைவிருக்கிறதா? என் மகள்தான் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். "தட்டையா இருக்கிற பக்கம்டி, உருண்டைப் பக்கத்தால தொட்டா விசில் ஊதிடுவாங்க" என்று கத்துவாள். இன்று நடுவில் நின்று கோல் போடுவது உன் மகள். இடது ஓரத்தில் ஓடி ஓடிப் பந்தை எடுத்துக் கொடுப்பது என் மகள். எதிர்வீட்டு அம்மா மாடிப்படியில் என்னை நிறுத்தி, "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டுன கதையா இருக்கே" என்றாள். அவள் சொன்னதை எழுதினேன், அவ்வளவுதான். நான் அப்படியெல்லாம் நினைக்கிறவள் இல்லை.

உன் அத்தானிடம் சொல்லிப் பார்த்தேன். பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்பில் காலை நீட்டிக்கொண்டு, "ஊரார் பிள்ளையை ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்" என்று பழமொழி சொன்னார். பிறகு அவரே, "இது ஊரார் பிள்ளையும் இல்லையே, உன் தங்கச்சி பிள்ளைதானே" என்று சிரித்தார். டிரைவர்களுக்கு எல்லாப் பயணியும் ஒன்றுதான் போலிருக்கிறது.

நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் டாக்டர் என் மகளுக்கு அச்செடுத்து, விளையாடும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் கவசம் ஒன்று செய்து கொடுத்தார். உன் மகளுக்குக் கடையில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதுவும் நல்லதுதான். டாக்டரிடம் இன்னொன்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

உன் மகளுக்கு யார் கண்ணும் படாமல் இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா

* * *

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய கம்பளிச் சட்டைகள் வந்து சேர்ந்தன. இரண்டும் ஒரே நிறத்தில் எடுத்திருக்கிறாய். நல்ல வேலை செய்தாய், இல்லாவிட்டால் அதற்கும் ஒரு பஞ்சாயத்து நடந்திருக்கும்.

அரையிறுதியில் ஜெயித்துவிட்டார்கள். இரண்டு கோல். இரண்டும் உன் மகள் போட்டது. மைதானமே எழுந்து நின்று கத்தியது. அந்த இரண்டு பந்தும் எங்கிருந்து வந்தன என்று யாரும் பார்க்கவில்லை. ஓரக் கோட்டை ஒட்டி மூச்சு முட்ட ஓடி, மூன்று பேரைத் தாண்டி, உன் மகளின் மட்டைக்கு நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்று நான் பார்த்தேன். பள்ளி அறிவிப்புப் பலகையில் உன் மகள் படம் மட்டும் பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. அது என் மகளுடையது.

இறுதிப் போட்டிக்கு மாநில அணித் தேர்வாளர்கள் வருகிறார்களாம். அவர்கள் கண்ணில் பட்டால் பயிற்சி முகாம், பிறகு நல்ல கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம். என் மகளுக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பு கிடையாது. உன் மகளுக்கு அடுத்த வருடம் இருக்கிறது. நான் பொதுவாகச் சொல்கிறேன்.

நான் எழுத வந்தது வேறு. கொஞ்ச நாளாக எனக்கு உடம்பு முன்போல இல்லை. முழங்கால் பிடித்துக்கொள்கிறது. குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றுகிறது. இரண்டு பெண்களின் சேறு படிந்த துணி, இரண்டு பேருக்கும் காலையில் முட்டை, பால், மாலையில் வந்ததும் திரும்பப் பசி. மருத்துவமனையில் நாள் முழுக்க அடுத்தவர் பல்வலியைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் நிற்க முடியவில்லை. உன் மகளுக்கும் மார்க் இறங்கிவிட்டது. அதோடு அவள் உன்னை நினைத்து ஏங்குகிறாள். வாய் விட்டுச் சொல்ல மாட்டாள், ஆனால் பெற்றவளுக்கு ஈடாக யாரால் இருக்க முடியும்? எவ்வளவுதான் செய்தாலும் நான் பெரியம்மாதானே.

அதனால் அவளை உன்னிடம் அழைத்துக்கொள்வது நல்லது என்று தோன்றுகிறது. அங்கே பள்ளியில் ஹாக்கி இல்லை என்று நீ முன்பு சொன்னாய். படிப்புதானே முக்கியம்? அழைப்பதென்றால் தள்ளிப்போடாதே. இந்த மாதமே என்றால் சௌகரியம். அத்தானிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், அவருக்கு எல்லாமே விளையாட்டுதான்.

உன் நல்லதற்கும் அவள் நல்லதற்கும்தான் சொல்கிறேன். இதில் வேறு எதையும் நீ தேட வேண்டாம்.

அன்புடன்,
அக்கா

* * *

அன்புத் தங்கைக்கு,

இதை எழுத உட்கார்ந்து, இரண்டு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். இது மூன்றாவது.

நான் ஒரு வார்த்தை எழுதினால் நீ ஒரு நிமிடமும் யோசிக்க மாட்டாயா? கடிதம் கிடைத்ததும் விமான டிக்கெட் எடுத்துவிட்டாய். போனில் உன் மகளிடம், "பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்ல, நீ அங்க பாரமா இருக்கக் கூடாது, கிளம்பி வா" என்று சொன்னாயாம். சின்னவள் ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினாள், துணியைக் காயப்போட்டாள். "ஏன் பெரியம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டு என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள். நானும் தேய்க்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் கைப்பட்டையைக் கழற்றி டீச்சரிடம் கொடுத்துவிட்டாள். டீச்சர் அதைப் பெரியவளிடம் கொடுத்தார்.

அன்று மாலை, நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிற நேரத்தில், பெரியவள் மருத்துவமனைக்குள் வந்து நின்றாள். சீருடையில், கையில் அந்தப் பட்டையோடு. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கொண்டுவந்து காட்டுகிறாள் என்று நினைத்தேன். அவள் என் மேஜைக்கு முன்னால் வந்து, "உனக்கு என்னம்மா உடம்புக்கு?" என்று கேட்டாள். வாயில் பஞ்சு வைத்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "உடம்பு சரியில்லையா? சொல்லவே இல்லையே, நேத்துகூட மாடிக்கு ரெண்டு தடவ ஏறி இறங்குனீங்களே" என்றார்.

அவளை வெளியே மாடிப்படிக்கு அழைத்துப்போனேன். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

"எனக்கு அவமேல பொறாமை இல்லன்னு நினைச்சியாம்மா? அவ கோல் போட்டுட்டுத் திரும்பி என்னைப் பாத்துச் சிரிப்பா பாரு, அப்ப மட்டையாலயே ஒண்ணு போடலாம்னு இருக்கும். தினமும் அவளைத் தோக்கடிக்கணும்னுதான் எழுந்து ஓடுறேன். ஆனா அதை மைதானத்துல வச்சுத்தான் தீத்துக்கணும். நீ அவளைப் பிளேன் ஏத்தி அனுப்பி நான் ஜெயிச்சா, அது யாரோட ஜெயிப்பு?"

வரிசையில் ஆள் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

வீட்டில் உன் அத்தானுக்கும் தெரிந்துவிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "பைனல் முடியட்டும்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் போய் டிக்கெட் தேதியை ஒரு மாதம் தள்ளி மாற்றிவிட்டு வந்தார். பட்டையைப் பெரியவளே கொண்டுபோய்ச் சின்னவள் கையில் கட்டிவிட்டாளாம்.

இறுதிப் போட்டிக்கு முதல் நாள் அந்தப் பெண்களுக்குள் இன்னொரு வழக்கம் உண்டு. பள்ளியை விட்டுப் போகிற பெண்கள், தங்களுக்குப் பின்னால் வருகிறவளின் மட்டைக்குப் பிடி சுற்றிக் கொடுப்பார்கள். எங்கள் கூடத்தில் பெரியவள் சின்னவளின் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பழைய துணிநாடாவை உரித்துவிட்டுப் புதியதைச் சுற்றினாள். இழுத்து இழுத்து, ஒரு சுருக்கம் விழாமல். அவ்வளவு அக்கறையாக என் மகள் எனக்கு ஒரு தலையணை உறைகூட மாட்டியதில்லை. நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பால் பொங்கி வழிந்துவிட்டது.

ஆட்டம் சமமாக முடிந்தது. அப்படி முடிந்தால் இரண்டு பக்கமும் ஐந்து பேர், ஒவ்வொருவராகக் கோல்கீப்பரை மட்டும் எதிர்த்துப் பந்தோடு ஓட வேண்டும். பெரியவள் போட்டாள். அவளுடைய கோலுக்குத் தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியாகச் சின்னவள். அவள் போட்டால் இன்னும் ஆட்டம் உண்டு, தவறினால் கோப்பை போச்சு. கோல்கீப்பரை இடது பக்கம் ஏமாற்றிவிட்டு அடித்தாள். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

மைதானமே "ஐயோ" என்றது. என் கைகள் ஒன்றையொன்று தட்டப் பார்த்தன. மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். உன்னிடம்தான் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பின்னால் ஒருவர், "எவன்யா அந்தச் சின்னப் பொண்ணுக்குக் கேப்டன் பட்டை கட்டிவிட்டது? அந்த ஓரத்துல ஓடுன பெரிய பொண்ணுக்குக் குடுத்திருந்தா கப்பு இன்னிக்கு நம்மளுது" என்றார். மூன்று மாதமாக நான் வீட்டுக்குள் முணுமுணுத்தது, ஒரு எழுத்து மாறாமல். யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிய வார்த்தை. அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. திரும்பி, "வாயை மூடுங்க, அது என் பொண்ணு" என்றேன். அவர் பதறிப்போய், "மன்னிச்சுக்கங்கம்மா, எது உங்க பொண்ணு, ஒம்போதாம் நம்பரா பதினொண்ணாம் நம்பரா?" என்று கேட்டார். "ரெண்டும்" என்றேன். பக்கத்தில் உன் அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல மைதானத்தைப் பார்த்துக்கொண்டார்.

அங்கே சின்னவள் கம்பத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். யாரும் கிட்டே போகவில்லை. பெரியவள்தான் போனாள். போனதும் தோளில் ஓங்கி ஓர் அடி. "அந்தப் பக்கம் போகாதேன்னு எத்தனை தடவ சொன்னேன், கழுதை" என்று அவள் கத்தியது எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது. பிறகு இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலும் பின் சீட்டில் ஒன்றாகவே உட்கார்ந்தார்கள். உன் அத்தான் டிரைவரோடு பேச முன்னால் போய்விட்டார், என் பக்கத்து சீட்டு காலியாகத்தான் வந்தது.

நேற்று முகாம் பட்டியல் வந்தது. எங்கள் பள்ளியிலிருந்து ஒரே பெயர். சின்னவள்.

பெரியவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வரவில்லை. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, சோப்பு பட்டுவிட்டது என்றாள். "கல்லூரியில எப்படியாவது சேந்து, எதிர் டீம்ல நின்னு அவளை ஒரு நாள் தோக்கடிப்பேன் பாரு" என்றாள். அதைக் கேட்டுச் சின்னவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று முழுவதும் ஒரு வாய் இறங்கவில்லை. ஏன் என்று கேட்காதே.

முகாம் இந்த ஊரில்தான், அடுத்த மாதம் தொடங்குகிறது. ஆனால் அவள் உன்னிடம் வரப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள். போகாமல் இருக்கட்டுமா என்று அவளாக உன்னிடம் கேட்க மாட்டாள். முகாமைப் பற்றிக்கூட உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். அதனால் நான் கேட்கிறேன். அந்த டிக்கெட்டை ரத்து செய்துவிடு. அவளுக்குப் போன் போட்டு, பெரியம்மா நன்றாக இருக்கிறாள், அங்கேயே இரு என்று நீ சொல். நான் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் தைலத்தை எடுத்துக்கொண்டு வருகிறாள்.

நான் போன முறை எழுதியதைத் திரும்ப எடுத்துப் படிக்காதே. மாப்பிள்ளையிடம் காட்டாதே. கிழித்துப் போட்டுவிடு.

இரண்டு பெண்களும் நோய் நொடியில்லாமல், கை கால் முறியாமல் ஓடட்டும். யார் முன்னால் ஓடினாலும் பார்க்கிற பலம் எனக்கு வரட்டும் என்று நீ அங்கிருந்து வேண்டிக்கொள்.

அவளை என்னிடம் விட்டு வை.

உன் அக்கா