பஸ்ஸில் கேட்ட என் குரவை

7ந் திகதி, திங்கள்

கச்சான் காற்று. வீடெல்லாம் புழுதி. மகளுக்குக் கட்டும் மேல்வீட்டுக்கு ஜன்னல் சீலை வாங்க அக்கரைப்பற்றுக்கு. பஸ்ஸில் பாட்டு. தாளம் விழவேண்டிய இடத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளி விழுந்தது, நொண்டி நடப்பதுபோல. பக்கத்து மனிசி கேட்க, கண்டக்டர்: "ஏதோ படத்துப் பாட்டு. ரெகேயாம், வெளிநாட்டுத் தாளம். அந்தப் படத்துல ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு ஆள் மியூசிக்."

பஸ் நிந்தவூர் சந்திக்கு வர ஒரு குரவை, கலியாண வீட்டில் பெண்கள் நாக்கைச் சுழற்றிப் போடும் அந்தச் சத்தம். பாட்டுக்கு நடுவில். நீட்டி, இறக்கி, கடைசியில் சுருக்கென்று மேலே ஒரு வெட்டு. என்னுடையது. அந்த வெட்டு வேறு யாருக்கும் வராது.

முந்தானையை மூக்குவரை இழுத்துக்கொண்டேன். மகளைப் பேசியிருக்கும் வீடு அதே நிந்தவூரில், பாட்டுக் கூத்தென்றால் முகம் சுளிக்கிற வீடு. கண்டக்டர் சத்தத்தை இன்னும் கூட்டினான். அக்கரைப்பற்றில் இறங்கி நேரே கடைக்குள் புகுந்தேன். சீலை நிறம் பார்க்காமல் வாங்கிவிட்டேன். பச்சை. சுவருக்குப் பொருந்தாது.

8, செவ்வாய்

தம்பி ரியாஸைக் கூப்பிட்டுப் பிடித்தேன். கலியாண வீடியோ எடுக்கிறவன். சாச்சியின் மகள் கலியாணத்தில் நான் போட்ட குரவைச் சத்தத்தைக் கொழும்பில் மியூசிக் போடும் கூட்டாளிக்குக் கொடுத்திருக்கிறான்.

"கேட்டியா என்னட்ட?"

"ராத்தா, உங்கட பேரே இல்ல. பாருங்க, பாட்டுக்குக் கீழ 'குரவை: கல்முனைக்குடிப் பெண்கள்' எண்டுதான் கிடக்கு."

"அதை எடுக்கச் சொல்லு."

"படமே வந்திட்டு. இனி எங்க எடுக்கிற?"

அவன் போன பிறகுதான் யோசித்தேன். பெண்களா? நான் ஒருத்திதானே போட்டேன்.

பின்னேரம் மாப்பிள்ளையின் உம்மா (நிந்தவூர் மச்சி, இனி நி.மச்சி) போன். சலாம், சுகம், பிறகு: "கலியாணத்துல வீடியோ, பாட்டு, குரவை ஒண்டும் வேணாம் மச்சி. எங்கட வீட்டுல அதுகள் பழக்கமில்ல." ஓம், ஓம் என்றேன். சனிக்கிழமை வீடு பார்க்க வருகிறாவாம். போன் வைத்த பிறகும் ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சம்பந்தம் தப்பினால் மகள் முகத்தில் எப்படி முழிப்பது?

10, வியாழன்

- சீமெந்து இன்னும் வரவில்லை
- மகளின் சட்டைக்குக் கொக்கி
- இவருக்குப் பிரஷர் குளிசை

அரைக்கிற மில்லில் அரிசியோடு நிற்கிறேன். மில்காரனின் போனில் அதே பாட்டு. பெண்கள் எல்லாரும் காதைக் கொடுத்தார்கள். இதோ முடிந்தது என்று நினைத்தேன். ஒருத்தி கேட்டா:

"இது நம்மட சலீமாட குரவைதானே கா?"

சலீமா எங்கள் ஒழுங்கையில் கடைசி வீடு. அவவும் மில்லில்தான் நின்றா. இல்லை என்று சொல்லவேண்டிய மனிசி, சிரித்துக்கொண்டு: "இரிக்கும், இரிக்கும். அந்தக் கலியாணத்துல நானும் போட்டன்தானே."

அல்ஹம்துலில்லாஹ். தப்பினேன். மா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலுக்கு வருமுன் வயிறு எரியத் தொடங்கிவிட்டது. சலீமாவா? பாதிக் குரவையில் மூச்சு வாங்குகிறவவா? அந்தக் கலியாணத்தில் அவ வாயில் வட்டிலப்பம் அல்லவா இருந்தது.

11, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்த இவர் சொன்னார், "சலீமாட குரவை படத்துல வந்திருக்காம். பள்ளி வாசல்ல அதான் கதை." மீன் முள்ளை எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். பிறகு மீனைப் பார்த்தார். நான் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

பயமும் இருக்கிறது, பொறாமையும் இருக்கிறது. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் எப்படி இருக்கிறதோ.

12, சனி

நி.மச்சி வந்து போய்விட்டா.

மேல்வீடு, கிணறு, குளியலறை எல்லாம் பார்த்தா. பச்சைச் சீலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் குசினிக்குள் நாங்கள் இருவர் மட்டும். குரலைத் தாழ்த்தி:

"பாட்டுல குரவை போட்ட மனிசி உங்கட ஒழுங்கையாம். சலீமா எண்டு சொல்றாங்க."

"அப்படித்தான் கதைக்கிறாங்க."

"அவவை எனக்குத் தெரியும். அவ்வளவு மூச்சு அவவுக்கு இல்லையே."

இல்லை, சலீமாதான் என்று சொன்னால் போதும். மகளின் கலியாணம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. வாய் கேட்கவில்லை.

"நான்தான் மச்சி."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தா. நான் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கலியாணத்துல போட வேணாம். மாப்பிள்ளைட வாப்பாவுக்குப் புடிக்காது."

"ஓம்."

"வாற மாசம் நிக்காஹ் வைப்பம், இன்ஷா அல்லாஹ்."

அழுகை வந்தது. சம்பந்தம் தப்பவில்லை என்றா, என் பிள்ளைக்கு மட்டும் குரவை போட முடியாது என்றா, தெரியவில்லை. எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, வெளியே நின்ற டிரைவருக்குக் கேட்காமல் நி.மச்சி சொன்னா: "அந்தப் பாட்ட எனக்கு அனுப்பிவிடுங்க."

எனக்கு அனுப்பத் தெரியாது. மகளிடம் போனைக் கொடுத்தேன்.

"ஆருக்கு உம்மா?"

"உன்ட மாமிக்கு."

அவள் விரல் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அனுப்பினாள்.