வாசலில் இருக்கும் பூட்ஸ்

அன்புள்ள அக்கா,

ஈப்போவில் சித்தி வீட்டில் நலமாக இருப்பாய். அன்று நீ பூந்தோட்டத்து வேலி தாண்டி ஓடியதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

உன் தோழி சந்திரமதி அக்காவுக்குச் சிறை இல்லை. மாரியம்மன் தேருக்காகத் சீன முதலாளி தவுக்கேயின் தோட்டத்தில் கேட்காமல் சாமந்தி வெட்டியதை அவரே ஒப்புக்கொண்டார். தானா ராத்தா கோர்ட்டில் நீதிபதி தண்டனை எழுதாமல், ஆறு மாதம் சனிக்கிழமைதோறும் அதே தோட்டத்தில் வேலை செய்யச் சொன்னார். ஒழுங்காக முடித்தால் அவர் பெயரில் குற்றமே இருக்காதாம். சட்டத்துக்குள் இவ்வளவு கருணை உண்டென்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

நேற்று தோட்டத்துக்கு அவருக்குச் சோறு கொண்டுபோனேன். நன்னடத்தை அதிகாரி அம்மா வந்திருந்தார்.

"அன்னிக்கு உன்கூட யாரும் வரலையா?" என்று மறுபடியும் கேட்டார்.

"சாமிதான் வந்துச்சு. அதையும் பிடிப்பீங்களா?" என்றார் சந்திரமதி அக்கா.

அதிகாரியே சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தவுக்கேகூட, "இந்தப் பொண்ணு முன்னயும் நல்லா வெட்டுச்சு லா. இப்ப கேட்டு வெட்டுது!" என்று கேலி செய்கிறார்.

கொட்டகை வாசலில் உன் ரப்பர் பூட்ஸ் இருந்தது. சந்திரமதி அக்காதான் நம் அம்மாவிடம் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். வாராவாரம் கழுவி வைக்கிறார், போட்டுக்கொள்வதில்லை.

"எதுக்குக்கா இது?" என்றேன்.

"ரெண்டு பேர் வேலைம்மா இது. அவ வந்தா போட்டுக்குவா," என்றார். குரலில் கோபமே இல்லை, அக்கா.

சனிக்கிழமை ஈப்போவிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறினால், வேலை தொடங்குமுன் வந்துவிடலாம்.

காத்திருக்கும்,
உன் தங்கை