பேட்டரி தீரும்வரை

கொரட்டூர் ஆஸ்பத்திரி,
வியாழன் காலை.

அன்புள்ள பிலோமினா,

நான் நலம். அத்தையின் முழங்கால் வலி தேவலையா?

செவ்வாய் மாலை என் எண்ணிலிருந்து வந்த அழைப்பில் வெறும் கூச்சல் கேட்டதே, பஸ் இரைச்சல் என்றேன். அது பொய்.

பத்திரிகைக்காக ஒரு ஸ்மார்ட்வாட்ச்சைச் சோதிக்கிறேன். பேட்டரி பத்து நாள் வரும் என்கிறார்கள். தீரும்வரை சார்ஜ் போடக்கூடாது, கழற்றவும் கூடாது. ஆறாம் நாளான செவ்வாயன்று, சென்னீர்குப்பம் பஸ் நிறுத்தத்தில் ஒருவன் கத்தியை நீட்டினான்.

"யோவ் பெருசு, வாட்ச்ச கயட்டு."

"இன்னும் நாலு நாள் டெஸ்ட் இருக்குப்பா" என்று சொல்லித் தொலைத்தேன்.

"இன்னாது, டெஸ்ட்டா? இந்தா, பரிச்ச எய்து!" என்று இடது முழங்கைக்குக் கீழே கிழித்தான். பதினொரு தையல். எலும்புக்குச் சேதமில்லை.

இருவரும் கட்டிப் புரண்டு விழுந்தோம். கையிலிருந்த டிபன் கேரியரால் அவன் முகத்தில் அடித்தேன். கத்தி கைநழுவிப் போன பிறகும் அடித்தேன். மூக்கு உடைந்தது, இரண்டு பல் போயின. ஐந்தாவது அடிக்கு ஓங்கியபோது என் மணிக்கட்டிலிருந்து உன் குரல் கேட்டது: "என்னங்க, எங்க இருக்கீங்க?" நான் விழுந்ததை உணர்ந்து வாட்ச்சே உன்னை அழைத்திருக்கிறது. ஓங்கிய கையை இறக்கினேன். அவன் பிழைத்துக்கொள்வான் என்கிறார்கள்.

தொளதொளப்பான அரைக்கைச் சட்டை இரண்டு அனுப்பு. தினமும் ஆறு மணிக்கு ஒருமுறை கூப்பிடு. வாட்ச்சிலேயே பேசுகிறேன், அன்றாடப் பயன்பாட்டில் அதுவும் சேர்த்தி.

கட்டு மாற்றக் கூப்பிடுகிறார்கள். கேரியரை இன்னும் கழுவவில்லை.

உன்,
ஜஸ்டின்