ஓடாத பஸ்ஸுக்கு இழுவைக் கூலி

மார்ச் 4

பஸ்ஸைப் பார்க்கப் போனவர் போன் செய்தார். வாங்கியாகிவிட்டதாம். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட இவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க மாட்டார்.

"எஞ்சின் மட்டுந்தான் போயிருக்கு. மத்ததெல்லாம் புதுசு மாதிரி. ஒரு சீட்டுகூட கிழியல!"

எஞ்சின் போன பஸ்ஸில் சீட்டு கிழியாமல் இருந்து என்ன ஆகப்போகிறது? கேட்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அடுத்தவன் வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஒன்றாம் தேதியிலிருந்து பேக்கிங் கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை பேசி வைத்திருக்கிறார். சொந்த பஸ் இருந்தால்தான் கொடுப்பார்களாம். பழைய எஞ்சின் ஒன்று இங்கே ஷெட்டில் தயாராக இருக்கிறது. பஸ் வந்து சேர வேண்டியதுதான் பாக்கி. மருந்துக்கடையில் பில் போட்டு நான் சேர்த்தது மொத்தமும் அதில் போயிருக்கிறது. வரட்டும்.

மார்ச் 6

பஸ்ஸை ஏற்றிக்கொண்டு வர டிரெய்லர்காரர் கேட்ட வாடகை, பஸ் விலையில் பாதிக்கு மேல்! எனக்குத் தலை சுற்றியது. அவர் நிதானமாகச் சொன்னார்: "ஓடற வண்டின்னா டிரைவர் படி, டீசல், அவ்வளவுதாம்மா. ஓடாத வண்டி வெறும் இரும்பு மூட்டை. நான் காலியா அவ்வளவு தூரம் போகணும். அந்தக் காலிக்கும் சேத்துத்தான் கேக்கறேன்."

நியாயமாகத்தான் பட்டது. கொடுத்துத் தொலைப்போம் என்று இவரிடம் சொன்னேன். அதற்குள் இவருடைய அண்ணன் மூக்கை நுழைத்துவிட்டார். ஒரே ஒரு பழைய வேன் வைத்திருக்கிறார், பேச்சு மட்டும் நூறு வண்டிக்காரர் மாதிரி. "டிரெய்லரா? யார் தலையில மிளகா அரைக்கறான் அவன்? நமக்குத் தெரிஞ்ச லாரி காலியாத்தான் திரும்புது. இரும்பு ராடு மாட்டி இழுத்துட்டு வந்துடலாம்."

இவருக்கு அண்ணன் சொன்னால் முடிந்தது.

டிரெய்லர்காரரிடம் வேண்டாம் என்று சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "இழுக்கறதுன்னா இழுங்க. கியர்பாக்ஸுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற ஷாஃப்ட கழட்டிட்டு இழுக்கச் சொல்லுங்க. இல்லன்னா சக்கரம் சுத்தச் சுத்த கியர்பாக்ஸ் உள்ள ஆயில் ஏறாம வெந்துடும்." அப்படியே இவரிடம் சொன்னேன். "எனக்குத் தெரியாதா?" என்றார்.

மார்ச் 7

இழுத்து வரும் பஸ்ஸில் ஸ்டீயரிங் பிடிக்க ஒரு ஆள் உட்கார வேண்டுமாம். யார்? இவர்தான்.

மார்ச் 8

ஷாஃப்டின் நட்டெல்லாம் துருப்பிடித்துப் போயிருக்கிறதாம். வெட்டித்தான் எடுக்க முடியும், அரை நாள் ஆகும் என்று அங்கே இருக்கிற மெக்கானிக் சொல்லியிருக்கிறார். லாரிக்காரர் காத்திருக்க மாட்டேன் என்கிறார். இவர் அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறார். அவர் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு, "நியூட்ரல்ல போட்டு இழுத்துட்டு வாடா, நான் எத்தன வண்டி பாத்திருக்கேன்" என்றாராம். கிளம்பிவிட்டார்கள்.

தெரிந்தே ஒருவர் இப்படிச் செய்வாரா? செய்வார். அண்ணன் சொன்னால் செய்வார்.

மார்ச் 9

பாதி வழியில் பஸ்ஸுக்கு அடியிலிருந்து புகை. இவர் ஹாரன் அடிக்கிறார், ஹாரன் வேலை செய்யவில்லை. ஜன்னல் வழியே கத்தியிருக்கிறார், லாரிக்காரருக்குக் கேட்கவில்லை. கேட்டு நிறுத்துவதற்குள் கியர்பாக்ஸ் வெந்து முடிந்தது. லாரிக்காரர் ராடைக் கழற்றிக்கொண்டு போயே போய்விட்டார். இவரை நடுரோட்டில் விட்டுவிட்டு. எஞ்சின் ஓடாத பஸ்ஸின் ஸ்டீயரிங்கை அவ்வளவு தூரம் திருப்பித் திருப்பித் தோள் வீங்கிவிட்டதாம். பேசும்போது குரல் உடைந்தது. எனக்கு அழுகை வரவில்லை.

மார்ச் 11

அதே டிரெய்லர்காரரிடம் போய் நின்றேன். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை மனுஷர். குத்தியிருந்தால்கூடத் தேவலை. பாதி வழிதானே, பாதி வாடகை போதாதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நடுவழியில் கிடக்கும் வண்டிக்கு ஏற்றும் கிரேன் தனி, பெர்மிட் தனி. முன்னால் சொன்னதை விட அதிகம்தான் ஆயிற்று. லாரிக்குக் கொடுத்தது போனது போனதுதான். கழுத்தில் இருந்ததை அடகு வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 16

பஸ் வந்து சேர்ந்தது. தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "எப்பங்க பொறப்படும்? டிக்கெட் எடுத்துட்டு ஏறிக்கவா?" என்றார். சிரித்து வைத்தேன்.

சீட்டு உண்மையாகவே கிழியவில்லை.

மார்ச் 24

இந்த ரகத்துக்குப் பழைய கியர்பாக்ஸ் எங்கேயும் இல்லை. புதியது வாங்கவோ வழியில்லை. ஷெட்டில் எஞ்சின் சும்மா கிடக்கிறது.

அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். "ஒன்னாந்தேதி வண்டி நிக்கலன்னா வேற எவனாவது பூந்துடுவான். உன் பஸ் ரெடியாகற வரைக்கும் என் வேன விடறேன்" என்றார். இவருக்குக் கண் கலங்கிவிட்டது, நன்றியில். நான் அடுப்படியில் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தேன்.

ஏப்ரல் 3

வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான் ஒப்பந்தம் போடுவார்களாம் கம்பெனியில். போட்டுவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு. அண்ணன் பேரில்.

இவர் அலைந்து, மேனேஜரின் வீட்டு வாசலில் நின்று பிடித்த வேலை அது! அண்ணனிடமே நேரில் போய்க் கேட்டேன். "மாமா, இது நியாயமா?"

"நான் என்னம்மா பண்றது, கம்பெனி ரூல் அப்படி. குடும்பத்துக்குள்ளதான இருக்கு, வெளியவா போச்சு?"

அண்ணி காபி கொண்டுவந்து வைத்தாள். குடிக்காமல் வந்துவிட்டேன். வழியெல்லாம் தனியாகப் பேசிக்கொண்டே வந்தேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

ஏப்ரல் 5

அண்ணன் வேனுக்கு டிரைவர் வேண்டுமாம். சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"போகாதீங்க" என்றேன்.

"அடகை யார் மீட்கறது?" என்றார்.



ஏப்ரல் 19

பழைய இரும்பு எடுப்பவர் வந்து பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தார், டயரைத் தட்டினார். ஒரு விலை சொன்னார். சுமாராக இருக்கிறதே என்று நான் வாய் திறப்பதற்குள், "இழுத்துட்டுப் போற செலவு போகத்தாம்மா குடுப்பேன். ஓடற வண்டியில்லையே" என்றார். சிரித்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஏப்ரல் 21

பஸ்ஸை எடுத்துப் போக வெள்ளிக்கிழமை வருகிறார்கள். இவர் பேரில் இருப்பதால் கையெழுத்துக்கு இவர் வீட்டில் இருக்க வேண்டும். சாயங்காலம் வந்ததும் சொன்னேன். கட்டிலில் சாய்ந்தபடி தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே கட்டிலை விட்டு எழுந்தார், அவிழ்த்து வைத்திருந்த சட்டையை மாட்டிக்கொண்டு, நின்றபடியே பேசினார். வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு வேண்டும் என்று கேட்டார். பிறகு "சரி", "சரி" என்று மட்டும் சொன்னார்.

"அண்ணன் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"மாத்து ஆள் இல்லையாம்" என்றார்.

பழைய இரும்புக்காரரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டேன்.