நீல டிக்குக்குப் போட்ட வருகை

டீச்சர், இன்று பீரோவை ஒழிக்கும்போது ஊரடங்குக் காலத்து வருகை நோட்டு கையில் அகப்பட்டது. ஒன்பதாம் வகுப்பு. செல்வியின் பெயருக்கு நேரே தொடர்ந்து ஏழு வாரம் வருகை போட்டிருக்கிறேன். கையெழுத்து வேறு அத்தனை அழகு.

அப்போது ஒவ்வொரு பிள்ளையின் நம்பருக்கும் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பிக்கொண்டிருந்தோம். நீ அறிவியல், நான் கணக்கு, வகுப்பாசிரியையும் நான்தான். நீல டிக் விழுந்தால் வருகை. செல்வி ஒரு கேள்விக்குக்கூடப் பதில் அனுப்பவில்லை என்று நீதான் கண்டுபிடித்தாய்.

"பாத்துட்டாளே டீச்சர், போதாதா?" என்றேன்.

"யாரு பாத்தா?" என்று கேட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாய். "ஏறு."

திருச்சுழி தாண்டி, கருவேலங்காட்டுக்குள் விறகை எரித்துக் கரியாக்க மூட்டம் போடுகிற இடத்தில் செல்வி அம்மாவோடு விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். போன் அவள் அப்பாவிடம். லோடு வண்டி ஓட்டுகிறவர்.

"வண்டி நிக்கிற எடத்துல எல்லாம் அவுகதான் தெறந்து பாப்பாக டீச்சர். ஒண்ணும் வெளங்காது. புள்ள படிப்பாச்சேன்னு பாக்குறது" என்றாள் அவள் அம்மா. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தீவாளி கழிச்சு இவள மில்லுக்கு அனுப்பிரலாம்னு இருக்கோம். பள்ளிக்கூடத்துலயும் யாரும் தேடலயே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏன் சொல்லவில்லை என்று செல்வியைத் திட்ட வாயெடுத்தேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அவளிடம் கேட்டாய்:

"அப்பா எப்ப வருவாக?"

"ஞாயித்துக்கெழம டீச்சர்."

"அன்னைக்கு எனக்குப் போனைப் போடு. மத்த நாளுக்கு எழுதிக் கொண்டாந்து தாரேன்."

திரும்பி வரும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாய். "வரலைன்னு போட்டிருந்தா என்னைக்கோ தேடியிருப்போம். வந்ததாப் போட்டதுலதான் புள்ள தொலைஞ்சு போச்சு." இரண்டு நாள் நான் உன்னோடு பேசவில்லை. வெட்கம்தான்.

வாரம் தவறாமல் நீ காகிதங்களோடு போனாய். அவள் அம்மாவிடம் பேசிப் பேசி மில் பேச்சை நிறுத்தினாய். பள்ளி திறந்த அன்று செல்வி வந்தாள். அதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிருந்தது.

இப்போது ஒரு பிள்ளை மூன்று நாள் வராவிட்டால், வரவில்லை என்றே எழுதிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிடுகிறேன். நோட்டிலிருந்து பெயரை அடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சண்டைக்கும் போகிறேன்.

போன வாரம் செல்வி வந்திருந்தாள். அருப்புக்கோட்டையில் காலேஜ் படிக்கிறாள். "நீங்க ரெண்டு பேரும் தேடி வரலேன்னா நான் மில்லுலதான் டீச்சர் இருந்துருப்பேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஏழு வாரத்தைப் பற்றி அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. தேடிப் போனவள் நீ. நான் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவள்.